பட்டை ஒட்டிய பன்னிரண்டு சுருட்டு

ஹவானா விமானம் தரையிறங்கிவிட்டதாக மயாமி விமான நிலையச் சுங்கக் கூடத்தின் பலகை காட்டியபோது, எனேய்தா வால்திவியா ஒரு முதியவரின் பெட்டியிலிருந்து மாம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து எஃகு மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது பழங்கள். ஒவ்வொன்றும் ஒரு காலுறைக்குள் போட்டு முடிச்சிடப்பட்டிருந்தது. முதியவர் பழங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காலுறைகளைத் திருப்பித் தருவார்களா என்று மட்டும் கேட்டார். தருவோம் என்றாள். பழங்களை உருவிக் கழிவுத்தொட்டியில் போட்டுவிட்டு, காலுறைகளைச் சோடி சேர்த்து அவரிடம் கொடுத்தபோது ஒன்று மிஞ்சியது. ஒன்பது ஒற்றைப்படை எண் என்பது அப்போதுதான் உறைத்தவரைப் போல அவர் அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளிக்கதவை நோக்கி நடந்தார்.

எனேய்தா கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டிக்கொண்டாள். மணி பன்னிரண்டு இருபது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய அப்பா ஃபெர்மின் இறந்திருந்தார். தொண்ணூற்றொரு வயது. இன்று புதன். நாளை காலை பத்து மணிக்கு அடக்கம். நாளை முதல் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். இன்றைக்கும் சேர்த்து எழுதியிருக்கலாமே என்று மேற்பார்வையாளர் திருமதி ட்ரெட்வே கேட்டபோது, தம்பி இன்று கியூபாவிலிருந்து வருகிறான், நான் இங்கே இருக்க வேண்டும் என்றாள். இருந்து என்ன செய்ய முடியும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. உறவினரின் காகிதத்தையோ பெட்டியையோ ஒரு சுங்க அதிகாரி தொடக் கூடாது. அதனால் காலையிலேயே உபால்தோ வால்திவியா என்ற பெயரையும் விமான எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாள். கூடத்தின் கடைசி மேசையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த விதியின் மேல் அவளுக்கு வருத்தமில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அதைச் சரியான விதி என்றே நினைத்துவந்தாள்.

அப்பா இறந்தது உபால்தோவுக்குத் தெரியாது.

அதை மறைத்தது அவள்தான். விசா கிடைப்பதற்கு அவன் கயானா வரை போய் மூன்று வாரம் தங்க வேண்டியிருந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் தந்தையைப் பார்ப்பதற்காக என்று, மருத்துவர் கடிதத்தின் பேரில், ஒரே ஒரு முறை, முப்பது நாளுக்கு என்று கொடுத்திருந்தார்கள். கடவுச்சீட்டுக் கூண்டில் எதற்காக வந்தாய் என்று கேட்பார்கள். உபால்தோவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே, பொய் சொல்ல முயன்றால் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவான். அப்பா இறந்துவிட்டார் என்று அவன் அறிந்திருந்தால் அதையே சொல்லியிருப்பான். சொன்னால், கொடுத்த காரணம் முடிந்துபோயிற்று, இந்த மனிதனுக்குத் திரும்பிப் போக என்ன இருக்கிறது என்று கூண்டில் இருப்பவர் யோசிக்கலாம். யோசிக்காமலும் விடலாம். அதற்கென்று எழுதிவைத்த விதி இல்லை, அதிகாரியின் கணிப்புத்தான். எனேய்தாவும் கூண்டில் உட்கார்ந்து கணித்தவள்தான். கமாகுவேயிலிருந்து கறுப்பு உடையில் வந்த ஒரு பெண்ணின் காகிதங்களை ஒருமுறை மறுவிசாரணைக்கு அனுப்பினாள். அன்று மாலை விமானத்தில் அந்தப் பெண் திரும்பிப் போனதை மறுநாள்தான் பதிவேட்டில் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

தெரியாததைச் சொல்லாமலிருப்பவன் பொய் சொல்பவன் ஆகமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனை நடைகூடத்தில் நின்று, இறப்புச் சான்றுக்கான காகிதம் வரும்வரை, அவள் இதைத்தான் யோசித்தாள். அழுகை வரவில்லை. யோசனை தெளிவாக வந்தது. அன்று மாலையே தம்பியின் ஊரான சான் லூயிஸுக்குப் பேசியபோது, மின்வெட்டினால் பாதிப் பேச்சுக் காதில் விழாத நிலையிலும், அப்பா எப்படி இருக்கிறார் என்ற கேள்வி மட்டும் துல்லியமாக விழுந்தது. தூங்குகிறார் என்றாள். பிறகு மயாமியை ஒட்டிய ஹயலியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் பேசி வாயை அடைத்தாள். சித்தி ஒருத்தி அதற்குள் ஃபேஸ்புக்கில் மெழுகுவத்திப் படம் ஒன்றைப் போட்டிருந்தாள்.

"படத்துல பேரு எதுவும் போடலையேடி. மெழுகுவத்தி எல்லாருக்கும் பொதுதான."

"எடுத்துடு சித்தி."

"முப்பத்தெட்டுப் பேர் பார்த்துட்டாங்க. அதுல எட்டுப் பேர் அழுதிருக்காங்க."

"எடுத்துடு."

சித்தி எடுத்துவிட்டாள். அதன் இடத்தில் ஒரு பூனைப் படத்தைப் போட்டாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஹவானாப் பயணிகள் கூடத்துக்குள் வரத் தொடங்கினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உபால்தோவை அவள் கண்டுகொண்டது முகத்தைப் பார்த்து அல்ல; நடையைப் பார்த்து. மண்வெட்டிப் பிடியைத் தோளில் வைத்திருப்பவனைப் போல வலது தோள் சற்று உயர்ந்திருந்தது. இருபத்து மூன்று வயதில் அவள் கடல்வழியாகக் கிளம்பியபோது அவனுக்குப் பத்தொன்பது. இப்போது நாற்பத்தொன்பது. புது வெள்ளைச் சட்டை. பெட்டியிலிருந்து அன்றைக்குத்தான் பிரித்திருக்க வேண்டும், மடிப்புக் கோடுகள் மார்பில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. கையில் ஓலைத் தொப்பி. கடவுச்சீட்டுக் கூண்டைத் தாண்டிவிட்டான். அதைத் தாண்டினால் நெஞ்சுக்குள் ஏதாவது இறங்கும் என்று மூன்று நாளாக எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. தாண்டிவிட்டான் என்று மனத்துக்குள் ஒரு வாக்கியம் ஓடியது, அவ்வளவுதான். அடுத்த பயணியின் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

அந்தப் பெட்டியில் விதி மீறியது எதுவும் இல்லை. மூடச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது ரெய்னியேர் அவளுடைய மேசையருகே வந்து நின்றான். முப்பத்து நான்கு வயது, மயாமியில் பிறந்தவன், கியூபாவை மேலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தீவிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தே அதன் ஊர்களையெல்லாம் படித்திருந்தான்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"நான் அந்தப் பக்கம் வரக் கூடாது, ரெய்னியேர். காலையிலயே எழுதிக் கொடுத்திருக்கேன்."

"வர வேண்டாம். இங்கயே நின்னு கேளுங்க. உங்க தம்பிகிட்ட சுருட்டு இருக்கு. பன்னிரண்டு."

"மறைச்சு வச்சிருந்தானா?"

"எங்க மறைச்சார். பெட்டியைத் திறந்தா மேலாக வச்சிருக்கார், பனைமட்டைத் தோல்ல சுத்தி. புகையிலை ஏதாவது இருக்கான்னு கேட்டேன். இருக்கு தம்பி, நானே விளைவிச்சது, நானே சுருட்டினதுன்னு நீட்டறார். மோந்து பாருன்னு வேற சொல்றார்."

எனேய்தா கையுறையின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது கூடப் பரவாயில்லக்கா. ஒவ்வொண்ணுலயும் பட்டை ஒட்டியிருக்கு. தங்கக் கலர் பட்டை, ஹவானான்னு கொட்டை எழுத்துல. நானும் பதினோரு வருஷமா பார்க்கறேன். கம்பெனிச் சுருட்டு கொண்டுவர்றவன் அத்தனை பேரும் பட்டையை உரிச்சு எறிஞ்சுட்டு, இது நிகராகுவா சரக்கு சார்னு சாதிப்பான். இவர், பட்டையே இல்லாத தோட்டத்துச் சுருட்டுக்கு மெனக்கெட்டுப் பட்டை ஒட்டிக்கிட்டு வந்திருக்கார். இந்தக் கூடத்துலயே முதல் ஆளு உங்க தம்பிதான்."

"எதுக்கு ஒட்டினேன்னு கேட்டியா?"

"கேட்டேன். ஆலையில வேலை செஞ்ச ஒருத்திகிட்ட ஒரு பெட்டைக்கோழியைக் குடுத்துப் பன்னிரண்டு பட்டை வாங்கினாராம். அம்மணமா கொண்டாந்து பெரியவர் கையில குடுக்க முடியுமான்னு என்னையே திருப்பிக் கேக்கறார்."

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கியூபாச் சுருட்டு ஒன்றுகூட நாட்டுக்குள் வரக் கூடாது. பிறகு ஒரு பயணி நூறு டாலர் மதிப்புக்குக் கொண்டுவரலாம் என்றார்கள். அதன்பின், சொந்த உபயோகத்துக்கு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒன்றுகூடக் கூடாது என்றார்கள். வெளிநாட்டுப் பயணி தன்னுடன் கியூபாப் பொருள்களைக் கொண்டுவரலாம்; மதுவும் புகையிலையும் நீங்கலாக. ஒவ்வொரு மாற்றமும் சுற்றறிக்கையாக வந்தது. ஒவ்வொன்றையும் படித்துக் கையெழுத்திட்டு, மறுநாளிலிருந்து அதன்படி நடந்தாள். முதல் நாள் அனுமதித்ததை அடுத்த நாள் வெட்டி எறிந்தாள். இலை அதே இலைதான்.

வீட்டிலும் அப்படித்தான். அனுமதி இருந்த அந்த நான்கு ஆண்டுகளில், ஊருக்குப் போய்வந்தவர்கள் மூலம் உபால்தோ அப்பாவுக்குச் சுருட்டு அனுப்பினான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒன்று. கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு ஒன்றரை மணி நேரம் இழுப்பார். தடை மறுபடியும் வந்த பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் சட்டைக்குள் ஒளித்து மூன்று சுருட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டில் இது வேண்டாம் என்று எனேய்தா அவற்றைத் திருப்பிக் கொடுத்தாள். அப்பா சண்டை போட்டார். அவர் எதையும் சண்டை போடாமல் கொடுத்தவரல்ல. சான் லூயிஸில் இருந்த காலத்தில், அறுவடையில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்ள வரும் அரசாங்கத்து எடைக்காரன், ஃபெர்மினின் கொட்டகையை எப்போதும் கடைசியாகவே வைத்துக்கொள்வான். அங்கே முதலில் போனால் அன்றைக்கு வேறெங்கும் போக முடியாது. ஒவ்வொரு இலைக்கட்டையும் மறுபடி நிறுக்கச் சொல்வார். ஈரம் என்று கழித்தால் எங்கே ஈரம் என்று அவன் கையைப் பிடித்து இலைக்குள் விடுவார். கடைசியில் கொடுத்துவிடத்தான் வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் கத்தாமல் ஒரு இலைகூட அந்தக் கொட்டகையை விட்டுப் போனதில்லை. மயாமிக்கு வந்தபின், அவள் வாங்கிக் கொடுத்த மற்ற நாட்டுச் சுருட்டுகளை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுப்பார். கடைசி நான்கு ஆண்டுகள் அவர் புகைக்கவே இல்லை.

"யாருக்குன்னு ஒரு வரி எழுதணும்ல, கேட்டேன்" என்றான் ரெய்னியேர். குரலைத் தாழ்த்தியிருந்தான். "அப்பாவுக்குன்னார். நேத்து சாயங்காலம் நான் வந்தேனேக்கா. சவப்பெட்டி பக்கத்துலதான் நின்னேன். முகத்தைப் பார்த்தேன்."

"அவனுக்குத் தெரியாது."

"அதான் பேசப் பேசப் புரிஞ்சுது. கெழவர் தாடி வச்சிருக்காரா, எடுத்துட்டாரான்னு என்கிட்ட கேக்கறார். நான் எங்க பாக்கறது சொல்லுங்க."

"அவன் சொன்னதை எழுது. அவனுக்குத் தெரிஞ்சது அதுதான்."

"எழுதிடறேன். அது பிரச்சனை இல்ல." அவன் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தான். "கைவிடல் படிவத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கறார்."

கைவிடல் படிவம் ஒரே பக்கம். இந்தப் பொருளைத் தாமாகவே கைவிடுகிறேன், இதன்மேல் இனி எனக்கு உரிமையில்லை என்று கையெழுத்திட்டால், பொருள் அங்கேயே அழிக்கப்படும். பயணி ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விடலாம். கையெழுத்திடாவிட்டால் அது பறிமுதல். பறிமுதலுக்குக் கோப்புத் திறக்க வேண்டும்.

"என்னோடதில்ல, நான் எப்படிக் கைவிட முடியும்கறார். அப்பாவோட பங்காம். அவரைக் கேளுங்க, அவர் விடச் சொன்னா விட்டுடறேன், போன் போட்டுக் குடுங்கன்னு உக்காந்திருக்கார். கோப்புத் திறந்தா கடவுச்சீட்டு மறுபடி கூண்டுக்குப் போகும்க்கா. முதல்ல இருந்து கேப்பாங்க. எதுக்கு வந்தீங்க, யாரைப் பாக்க, எப்பத் திரும்புவீங்க. வெளியில யாரு இருக்காங்கன்னு வீட்டுக்குப் போன் போடுவாங்க. என்னையும் கேப்பாங்க." ரெய்னியேர் நிறுத்தினான். "கேட்டா நான் பொய் சொல்ல முடியாது. அதை மட்டும் என்கிட்ட எதிர்பார்க்காதீங்க."

"எதிர்பார்க்கல."

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

மேற்பார்வையாளரின் அறை கூடத்தின் மறுகோடியில் இருந்தது. எனேய்தா நடந்தாள். தன் காலணிகள் தரையில் எழுப்பும் சத்தம் வேறு யாரோ முன்னால் நடப்பதைப் போலக் கேட்டது. திருமதி ட்ரெட்வேயின் மேசையில் ரெய்னியேர் அனுப்பிய தாள் ஏற்கனவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதலில் பூ அனுப்பியவர் அவர்தான். அட்டையில் ஃபெர்மின் என்ற பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார். இப்போது அதே பெயர் தாளில் இருந்தது. பெறுபவர்: ஃபெர்மின் வால்திவியா, தந்தை, வயது தொண்ணூற்றொன்று. ட்ரெட்வே அந்த வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"அவனோட ரெண்டு நிமிஷம் பேச அனுமதி வேணும்" என்றாள் எனேய்தா.

"அதிகாரியாவா?"

"இல்ல. அக்காவா."

ட்ரெட்வே தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "கதவு திறந்தே இருக்கட்டும். ரெய்னியேர் உள்ள இருப்பான். நீங்க எதையும் தொடக் கூடாது." கொஞ்சம் பொறுத்து, அவளைப் பார்க்காமல், "கையெழுத்து வந்துட்டா இந்தத் தாளை இன்னொரு தடவை படிக்க எனக்கு வேலை இல்ல" என்றார்.

விசாரணை அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். மேசைமேல் பனைமட்டைத் தோல் விரிந்து கிடந்தது. அதன்மேல் பன்னிரண்டு சுருட்டுகள். ஆலைச் சுருட்டுகளைப் போல ஒரே அளவில் இல்லை. கைவிரல்களைப் போல ஒவ்வொன்றும் தன் அளவில் இருந்தது. பட்டைகள் மெல்லிய சுருட்டுக்கென்று அச்சிட்டவை. முனைகள் எட்டாமல், இடைவெளியில் சோற்றுப்பசை காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. ரெய்னியேர் சுவரோரம் நின்றான். சீருடையைப் பார்த்ததும் உபால்தோ தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றான். பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

"நீயா. யாரோ பெரிய அதிகாரின்னு எழுந்திரிச்சுட்டேன் பாரு."

அவன் மேசையைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டான். எனேய்தாவின் கையுறை மாட்டிய கைகள் இரண்டும் அவனுடைய முதுகுக்குச் சற்றுத் தள்ளி, சட்டையில் படாமல், காற்றில் நின்றன. முப்பது ஆண்டுகள் என்று நினைத்தாள். எண்ணாக மட்டுமே நினைக்க முடிந்தது.

"குண்டாயிட்டே."

"நீ வத்திப்போயிட்ட."

"அங்க எல்லாருமே வத்தித்தான் போயிருக்கோம். வானத்துல வர்ற கொக்குகூட எங்களைப் பார்த்துட்டுப் பாவம்னு போயிடுது." சிரித்தான். கீழ்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை. "அப்பா வெளியில நிக்கறாரா?"

"இங்க வரல. வர முடியல."

"பரவால்ல. நான்தான் போறேனே." உட்கார்ந்தான். ரெய்னியேரைக் கையால் காட்டினான். "இந்தத் தம்பி நல்ல பையன். கோவிக்காம பேசுது. ஆனா நான் சொல்றது அதுக்குப் புரியல. நீ சொல்லு. பத்துல ஒம்போது எடைக்காரனுக்கு. மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணு யாரோடது?"

"அப்பாவோடது."

"அப்பாவோடது. காணி அவர் பேர்ல இருக்கு. நான் கைவேலைக்காரன். அவர் இங்க வந்து பதினைஞ்சு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் முதல்ல காய வச்ச இலையில பன்னிரண்டு சுருட்டி அவர் பேர்ல எடுத்து வச்சிட்டுத்தான் நான் என்னோடதைத் தொடுவேன். மாசத்துக்கு ஒண்ணு. அனுப்ப முடிஞ்சா அனுப்பினேன். முடியாதப்போ கெட்டுப்போச்சு, அப்பவும் நான் பத்த வைக்கல. இப்ப வந்து, இது என் பொருள், நானா மனசோட கைவிடறேன்னு எழுதியிருக்கற காகிதத்துல கையெழுத்துப் போடுன்னா எப்படிப் போடுவேன். திருட்டுக் கையெழுத்து ஆயிடாதா? அவர் சொல்லட்டும். நிச்சயம் திட்டுவார். திட்டி முடிச்சுட்டு விடச் சொல்வார். அப்ப போடறேன். ஒரு போன்தான."

கதவு திறந்திருந்தது. கூடத்தில் யாரோ பெட்டிச் சக்கரங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் நெருங்கி, விலகியது. இந்த அறையில் பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ பேர் பொய் சொல்லக் கேட்டிருக்கிறாள். பெரும்பாலானவர்கள் அதற்குமுன் ஒருமுறை எச்சில் விழுங்குவார்கள். அவள் விழுங்கவில்லை, அதைக் கவனித்தாள்.

"கேட்டுட்டுத்தான் வரேன். விட்டுடச் சொன்னார்."

"அப்பாவா?"

"ஆமா."

"எப்பக் கேட்ட?"

"இப்பத்தான். வர்றதுக்கு முன்னாடி."

உபால்தோவின் கை மேசையில் இருந்த ஒரு சுருட்டின் பக்கத்தில் போய் நின்றது. தொடவில்லை.

"சரின்னாரா?"

"சரின்னார்."

"சண்டை போடலையா?"

"இல்ல."

"உன்னை ஒண்ணும் சொல்லலையா? உன் உத்தியோகத்தை, இந்தச் சட்டையை?"

"இல்ல உபால்தோ. ஒண்ணும் சொல்லல. சரின்னார்."

ரெய்னியேர் தரையைப் பார்த்தான். உபால்தோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை முகத்தில் தொடங்கி, சட்டையில் இருந்த உலோக வில்லைக்கு இறங்கி, கையுறைகளுக்கு வந்து, அங்கே நெடுநேரம் நின்றது. அவன் உதடுகள் ஒரு கேள்விக்காகப் பிரிந்தன. திறந்த கதவைத் திரும்பிப் பார்த்தான். உதடுகளை மூடிக்கொண்டான்.

"பேனா குடு தம்பி" என்றான்.

ரெய்னியேர் பேனாவையும் படிவத்தையும் நகர்த்தினான். எங்கே என்று விரலால் காட்டினான். உபால்தோ கையெழுத்து என்பதைத் தன் முழுப்பெயரை எழுதுவதாகப் புரிந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். தந்தையின் பெயர் என்றிருந்த கட்டத்துக்கு வந்ததும் பேனா சற்று நின்றது. ஃபெர்மின் என்று எழுதினான். அதை மட்டும் அழுத்தி எழுதினான்.

அழிப்பதற்கு இரண்டு அதிகாரிகள் வேண்டும். எனேய்தா வெளியே போனாள். இன்னொருவர் உள்ளே வந்தார். அவள் தன் மேசைக்குப் போயிருக்கலாம். கதவுக்கு வெளியே, விதி அனுமதித்த தூரத்தில், நின்றாள். ரெய்னியேர் பெரிய கத்தரியை எடுத்து ஒவ்வொரு சுருட்டையும் மூன்றாக வெட்டி ஒளி ஊடுருவும் பைக்குள் போட்டான். பட்டையை உரித்துவிட்டு வெட்ட வேண்டுமென்று விதி இல்லை. பட்டையோடு சேர்த்தே வெட்டினான். நான்காவதை வெட்டும்போது வாசனை கதவைத் தாண்டி வந்தது. ஈர மரம், தேன், லேசாகக் குதிரை. அந்த வாசனை அவளிடம் எதையோ கிளப்பும் என்று காத்திருந்தாள். வாசனை வந்தது, போயிற்று.

"உள்ள பாரு தம்பி" என்று உபால்தோ சொல்வது கேட்டது. "நடுவுல ஒரே சீரா காஞ்சிருக்கா? முடிச்சு எதுவும் இல்லையே?"

கத்தரி நின்றது. ரெய்னியேர் ஒரு துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "நல்லா இருக்குண்ணே. ஒரே சீரா இருக்கு."

"அதான் கேட்டேன்" என்றான் உபால்தோ.

மீதி எட்டும் முடிந்தன. பையில் ஒரு திரவத்தை ஊற்றி முத்திரையிட்டார்கள். பனைமட்டைத் தோல் தாவரப் பொருள் என்பதால் அதையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குத் தனிப் படிவம் தேவைப்படவில்லை.

திருமதி ட்ரெட்வே அவளை இரண்டு மணிக்கே போகச் சொன்னார். பயணிகள் வெளியேறும் கதவு வேறு, ஊழியர்கள் வெளியேறும் கதவு வேறு. எனேய்தா சீருடையை மாற்றவில்லை. வில்லையை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தாள். உபால்தோ வெயிலில், டாக்சிகள் நிற்கும் இடத்தில், பெட்டியைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றான். தொப்பியைத் தலையில் வைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு குடும்பம் பலூன்களோடு யாரையோ சூழ்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. படத்துக்குள் வராமலிருக்க அவன் ஓர் அடி தள்ளி நின்றான்.

இருவரும் ஊழியர் வண்டி நிறுத்துமிடம்வரை நடந்தார்கள். பெட்டியைத் தானே பின்னால் வைத்தான். காருக்குள் அனல் அடித்தது. எனேய்தா எஞ்சினை முடுக்கிக் குளிரூட்டியைத் திறந்தாள்.

"இப்ப எங்க இருக்கார்?" என்றான்.

"ஹயலியாவுல. வீட்டுலேர்ந்து நாலு தெரு. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் வச்சிருப்பாங்க."

"என்னிக்கு?"

"ஞாயிறு. காலையில."

அவன் தலையாட்டினான். முன்கண்ணாடிக்கு வெளியே வரிசையாக நின்ற கார்களின் மேல் வெயில் ஆடிக்கொண்டிருந்தது.

"குளிர்லயா வச்சிருக்காங்க?"

"ஆமா. குளிர்லதான்."

"அவருக்குக் குளிர் ஆகாது" என்றான் உபால்தோ.

எனேய்தா வண்டியைப் பின்னால் எடுக்கத் தொடங்கினாள். உடனே கார் ஒரு மணி ஒலியை எழுப்பியது. விடாமல், ஒரே இடைவெளியில். உபால்தோ தன் காலடியைப் பார்த்தான்; கதவைப் பார்த்தான்; தான் எதைத் தவறாகத் தொட்டோம் என்று தெரியாமல் இரண்டு கைகளையும் மடிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டான். அவள் வண்டியை நிறுத்திவிட்டு அவன் பக்கமாகச் சாய்ந்து, அவனுடைய தோளுக்கு மேலிருந்து பட்டையான அந்த வாரை இழுத்து, புதுச் சட்டையின் மடிப்புக் கோடுகளுக்கு மேலாகக் கொண்டுவந்து இடுப்போரத்தில் செருகினாள். சொடுக்கென்று விழுந்தது. ஒலி நின்றது. அவளுடைய கை அந்தப் பூட்டின்மேல் இருந்தது. அவன் கைகளை இன்னும் தூக்கியே வைத்திருந்தான். குளிர்காற்று இப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. அது முதலில் அவனுடைய விரல்களின்மேல் பட்டது.